அஞ்சலையின் வாயில் கட்டிய துணி

கண்ணு,

நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க உட்கார்ந்தேன். கை வரவில்லை. நான் நலமாக இல்லை. ஒரு மாதமாக எதைச் சாப்பிட்டாலும் தொண்டையோடு நிற்கிறது. போனில் நீ மூன்று தடவை கேட்டுவிட்டாய், "அன்னிக்கி கெஸ்ட்டுங்க முன்னாடி ஏம்மா அப்டி எழுந்து உள்ள போய்ட்ட? எனக்கு எவ்ளோ அசிங்கமா போச்சி தெரியுமா?" என்று. மூன்று தடவையும் தலைவலி என்றேன். பொய். எனக்குக் குமட்டியது. உன்னைப் பார்த்துக் குமட்டியது. பெற்றவள் எழுதுகிற வாக்கியமா இது என்று நீ கேட்கலாம். எழுதிவிட்டேன், இனி அடிக்கப் போவதில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்துப் படி. உன்னைப் பார்த்து வந்த குமட்டல் கம்மி, என்னைப் பார்த்து வந்ததுதான் ஜாஸ்தி. அதற்கும் வருகிறேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கள்ளக்குறிச்சியில் மண்டபம் பிடித்தாயிற்று. தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில், சென்னையில் நீ செய்து விற்கிற சாக்லேட்டை வைக்கப் போகிறாயாம். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் தேங்காய் கிடையாது என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அது எனக்குப் பெரிதில்லை. சாக்லேட்டைச் சுற்றிய அட்டையில், நம் தோட்டத்தில் காய் உடைக்கிற அஞ்சலையின் படத்தைப் போட்டு அச்சுக்குக் கொடுக்கப் போவதாகவும், அவளிடம் 'ஒரு வார்த்தை' சொல்லிவிடும்படியும் எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் போய்த்தான் இத்தனை நீளக் கடிதம் வந்திருக்கிறது. இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளாதே. வரப்போகிற மருமகள் படிக்கட்டும். உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும். அன்றைக்கு வந்துபோன பன்னிரண்டு பேருக்கும் அனுப்பு. இதில் மறைக்கிற மாதிரி இருப்பது என் மானம் ஒன்றுதான், அதை நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அந்த நாளைச் சொல்கிறேன். சின்னசேலம் ஸ்டேஷனில் இறங்கியவர்களை வேனில் ஏற்றி நைனார்பாளையத்துக்கு, நம் தோட்டத்துக்குக் கூட்டிவந்தாய். தென்னைமர நிழலில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து, ஆளுக்கொரு மண்தட்டில் நகக்கண் அளவுக்குச் சாக்லேட் வைத்தாய். "கடிக்காதீங்க. நாக்கு மேல வெச்சி தானா கரைய விடுங்க. கண்ண மூடிக்கோங்க. இதுக்குப் பின்னாடி இருக்கிற கைய நெனச்சிப் பாருங்க. அந்தக் கைக்கு மனசுக்குள்ள ஒரு நன்றி சொல்லுங்க" என்றாய். பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கைக்காரிகள் நாலு பேரும் பத்தடி தூரத்தில் குந்திக்கொண்டு கோக்கோ காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டையால் தட்டுகிற சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. கையைத்தானே நினைக்கச் சொன்னாய், கண்ணைத் திறந்தால் நேரிலேயே பார்த்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. யாரும் திறக்கவில்லை.

உன் சாக்லேட்டை நான் குறை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது. கடையில் விற்கிறதைப் போல வெறும் சர்க்கரையாக இல்லை. முதலில் கசக்கிறது, பிறகு எங்கிருந்தோ புளிப்பு எட்டிப் பார்க்கிறது, விழுங்கி வெகுநேரம் ஆன பிறகும் வாயில் ஏதோ இருந்துகொண்டே இருக்கிறது. கொட்டையை வறுத்து, நாள் கணக்கில் அரைத்து, நீ இதற்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒருவர் அதில் பலாச்சுளை வாசனை என்றார், இன்னொருவர் காய்ந்த திராட்சை என்றார். நாக்கு உள்ளவர்கள் ருசிக்கட்டும், அதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குக் குமட்டியது அதற்கப்புறம் நீ செய்ததில்.

"அஞ்சலை அம்மா, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டாய். அவள் யாரைக் கூப்பிடுகிறாய் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். கவனித்தாயா? நீ கவனித்திருக்க மாட்டாய். பேச்சு வந்த நாளிலிருந்து அவளை 'ஏ அஞ்சல' என்று கூப்பிட்டவன் நீ. என்னைவிட இரண்டு வயசு மூத்தவள் அவள். ஒருநாளும் நான் உன்னைத் திருத்தவில்லை. பன்னிரண்டு பேருக்காக அன்றைக்கு அவள் திடீரென்று அம்மா ஆகிவிட்டாள். வந்து நின்றாள். ஒரு துண்டு சாக்லேட்டை நீட்டினாய். கையில் வாங்காமல் முந்தானையை ஏந்தி வாங்கினாள். வாயில் போடவில்லை. "கூச்சப்படுறாங்க" என்றாய் சிரித்துக்கொண்டு. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். அவள் வாயை மூடிக் கட்டியிருந்த துணியைக் காட்டி ஒருவர் ஏதோ கேட்டார். உடனே நீ, "எங்க தோட்டத்துல கொரோனாவுக்கு முன்னாடியே ஹைஜீன் உண்டு சார். எங்க அம்மா கொண்டுவந்த பழக்கம்" என்றாய். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். அப்போதுதான் எழுந்து உள்ளே போனேன். போய்க் கொல்லைப்பக்கம் வாந்தி எடுத்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

அந்தத் துணி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தும் மறந்திருப்பாய், அப்போது உனக்கு எட்டு வயசு. தென்னைக்கு நடுவில் கோக்கோ வைத்து முதல் காய்ப்பு. நமக்கும் புதுசு, வேலைக்கு வந்தவர்களுக்கும் புதுசு. காயை உடைத்தால் உள்ளே கொட்டையைச் சுற்றி வெள்ளைச் சதை, சீத்தாப்பழச் சுளை மாதிரி, இனிப்பும் புளிப்புமாக. அதைக் கையில் எடுக்கிறவர்கள் ஒன்றை வாயில் போடாமல் இருக்கவே முடியாது. பெண்கள் நாலு பேரும் ஆளுக்கொன்று போட்டுக்கொண்டார்கள். மற்ற மூன்று பேர் கொட்டையைத் தூரத் துப்பினார்கள். அஞ்சலை மட்டும் சப்பின கொட்டையைக் கையில் எடுத்துக் கூடையில் போட்டாள். ஒரு கொட்டையும் வீணாகக் கூடாது என்று அன்று காலையில் அத்தனை பேருக்கும் சொல்லியிருந்தவள் நான்தான். அந்தச் சொல்லை மதித்தவள் அவள் ஒருத்திதான்.

"இன்னாடி பண்ற? எச்சிக் கொட்டைய கூடையில போடற?" என்று கத்தினேன்.

"வீணாப்புடுமேன்னு போட்டம்மா" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தை இன்றைக்கும் என்னால் ஞாபகப்படுத்திக்கொள்ள முடிகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. சப்பின கொட்டை எது என்று தேடி எடுத்துப் போடச் சொல்லியிருந்தால் போதும். நான் கூடை முழுவதையும் எருக்குழியில் கொட்டச் சொன்னேன். அவளையே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டச் சொன்னேன். மறுநாள் உன் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைப் பட்டை பட்டையாகக் கிழித்து, காய் உடைக்க வந்த நாலு பேருக்கும் கொடுத்து, வாயைக் கட்டிக்கொண்டு உடைக்கச் சொன்னேன். போரடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடை மாட்டுவோமே, அதே யோசனைதான், வேறில்லை. உன் அப்பா பார்த்துவிட்டு, "அவங்க வாயில இன்னா பாம்பா இருக்குது?" என்றார். "உங்க வேலைய பாத்துக்கினு போங்க" என்று அவர் வாயையும் அடைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ சப்பைக்கட்டுக் கட்டலாம். அவர்கள் வாயைக் கட்டிய அதே நாள், அதே இடத்தில், நீ வரப்பின் மேல் உட்கார்ந்து கொட்டை கொட்டையாகச் சப்பிக் கூடைக்குள் துப்பிக்கொண்டிருந்தாய். உன் மோவாயில் வழிந்ததை நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். உன் கொட்டைகள் கூடையிலேயே கிடந்தன. அது மட்டுமா? கொஞ்ச நாளில் அணில் தொல்லை ஆரம்பித்தது. மரத்திலேயே காயைக் குடைந்து, சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். அப்படி விழுந்ததை எல்லாம் பொறுக்கிவரச் சொல்லி இவர்களைத்தான் அனுப்பினேன். வாயைக் கட்டிக்கொண்டே போய் அணில் சப்பின கொட்டையை மடி நிறையப் பொறுக்கி வந்து நல்ல கொட்டையோடு சேர்த்தார்கள். அணில் எச்சில் எனக்கு எச்சிலாகப் படவில்லை. என் பிள்ளை எச்சில் எச்சிலாகப் படவில்லை. அஞ்சலையின் எச்சில் மட்டும் எச்சில்.

அதற்கப்புறம் அந்தக் கொட்டையை என்ன செய்கிறோம் என்று உனக்கே தெரியும். வாழை இலை போட்ட பெட்டியில் குவித்து, சாக்கு மூடி, ஐந்தாறு நாள் புளிக்க விடுகிறோம். சதை அழுகித் தண்ணீராக ஒழுகும். ஈ மொய்க்கும். கைவைத்தால் சுடும். பக்கத்தில் போனால் பழைய கள்ளுப் பானை நாற்றம். "கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிங்கதான் இந்த ருசிய உண்டாக்குது" என்று நீ அன்றைக்குச் சொன்னபோது வந்தவர்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டினார்கள். கோடிக் கிருமி தின்று தள்ளியதைக் கொண்டாடுகிறோம், ஒருத்தி ஒரு கொட்டையைச் சப்பினதைத் தாங்க முடியவில்லை. இதில் சுத்தம் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆனால் நான் இத்தனை வருஷமும் அதைச் சுத்தம் என்றே நம்பினேன். கொரோனா வந்து ஊரே வாயைக் கட்டியபோது, 'நான் அப்பவே கட்டினேன் பார்' என்று பெருமையடித்துக்கொண்டவள் நான். எனக்கு என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது.

உனக்கு இது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை, என்னிடமிருந்துதான். போன வருஷம் தேன் வாங்க வெள்ளிமலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறி அந்தத் தேன்காரர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். அவர் மனைவி சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் செய்து வைத்திருந்தாள். "ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்று அவர் மூன்று முறை கேட்டார். "வேணாங்க, எடுத்துக்கினு வந்திருக்கோம்" என்று நான் சொன்னேன். அவர் வீட்டு வாசலிலேயே ஜீப்பில் உட்கார்ந்து நம் எலுமிச்சைச் சாதத்தைத் தின்றோம். அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நீ மூடி போட்ட பாட்டிலைத் திறந்து குடித்தாய். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற இடத்திலேயே நின்றார், பிறகு அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். அப்புறம் அவர் தேனை நக்கிப் பார்த்தாய், கண்ணை மூடினாய், அவரை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாய். 'கல்வராயன் மலை மக்களுக்கு நன்றி' என்று அந்தச் சாக்லேட் அட்டையில் இன்றைக்கும் போட்டிருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சொம்புதான் என் கண்ணுக்கு வருகிறது.

எனக்குத் தெரிந்த புத்தி ஒன்றுதான், அதுவும் இந்த வயசில் வந்தது. சொல்லிவிடுகிறேன். நாம் கொடுக்கிற நன்றியைவிட, அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரிவது முக்கியம். அவர்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாதவனுக்கு, அவர்களுக்கு நன்றி சொல்ல வாய் கூச வேண்டும். கூசவில்லை என்றால் அந்த நன்றியும் உனக்கு ஒரு ருசிதான். சாக்லேட்டோடு சேர்த்து அதையும் நாக்கில் வைத்துக் கரைய விடுகிறாய்.

இனி அஞ்சலையிடம் 'ஒரு வார்த்தை' சொல்லப் போன கதை. தோட்டத்தில் வைத்துக் கேட்டால் அவள் தலையாட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் காலனிக்கே போனேன். முப்பது வருஷமாக நம் தோட்டத்தில் வேலை செய்கிறவள், அவள் வீடு எது என்று எனக்கு வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அவள் மகள், கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறதே, அந்தப் பெண்ணும் இருந்தது. நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்.

"அஞ்சல, தம்பி கல்யாணத்துக்கு உன் போட்டாவ சாக்லேட்டு அட்டையில போடணும்ங்கிறான். நீ இன்னா சொல்ற?"

"அன்னிக்கி தோட்டத்துல எடுத்தாங்களே, அதுவாம்மா?"

"அதான்."

"அது வேணாம்மா" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் ஏன் என்று கேட்பதற்குள் மகள் சொன்னது. "வந்தவங்க யாரோ அந்தப் படத்த போன்ல போட்டிருக்காங்க. என் கூட படிக்கிற பொண்ணுங்க பாத்துட்டு, உங்க அம்மா ஏன் வாயக் கட்டிக்கினு இருக்குதுன்னு கேட்டாங்க. ஹைஜீன்னு சொன்னேன். அப்ப கையில ஏன் கிளவுஸ் இல்ல, தலைக்கு ஏன் ஒண்ணும் இல்லன்னு கேட்டாங்க. வாய மட்டும் எதுக்குக் கட்டணும்னு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியலங்க."

அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசியது. பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு அஞ்சலையைப் பார்த்து, "தம்பி குடுத்தத அன்னிக்கி ஏன் வாயில போடல?" என்று கேட்டேன்.

"துணிய அவுக்கணுமேம்மா" என்றாள். "நீங்க எதிர்க்க குந்திக்கினு இருந்தீங்க."

நீ அதைக் கூச்சம் என்றாய். வந்தவர்கள் அதை அடக்கம் என்றார்கள். அந்தப் படத்துக்குக் கீழே நீ எழுதிவைத்திருக்கிற வரியை எனக்கும் அனுப்பினாயே, 'மௌனமாய் உழைக்கும் கைகளுக்கு எங்கள் நன்றி.' அவள் மௌனமாகப் பிறக்கவில்லை, கண்ணு. அஞ்சலை இருக்கிற இடத்தில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் பஞ்சமே இருக்காது. கடலை பிடுங்கும்போது அவள் அடிக்கிற கிண்டலைக் கேட்கவே அவள் பக்கத்து வரிசைக்குப் போட்டி நடக்கும். அவளை மௌனமாக்கியது நான் கிழித்துக் கொடுத்த வேட்டித் துணி.

"நான் செஞ்சது தப்பு அஞ்சல" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அவள் பரவாயில்லை என்று சொல்லுவாள், நான் எழுந்து வந்துவிடலாம் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை. "அன்னிக்கி கூடைய குழியில கொட்ட சொன்னீங்களே, அத்த மட்டும் வேற யார்னா வெச்சி கொட்ட சொல்லி இருக்கலாம்மா" என்றாள். அவ்வளவுதான். இருபது வருஷமாக அந்தக் கூடையை அவள் இறக்கி வைக்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகள் டீ கொண்டுவந்து கொடுத்தது. குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். பெரிய தியாகம் போல இதைச் சொல்லிக்காட்டுகிறாயே என்று நீ கேட்டால், கேள். சொல்லிக்காட்டும்படி இருப்பதே எனக்கு அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் தோட்டத்தில் நாலு பேரையும் கூப்பிட்டு, இனிமேல் யாரும் வாயைக் கட்ட வேண்டாம் என்று சொன்னேன். மூன்று பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அஞ்சலை அவிழ்க்கவில்லை. "பழவிப் போச்சிம்மா. இது இல்லன்னா கை ஓட மாட்டேங்குது" என்றாள். கட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது, அவிழ்க்கச் சொல்ல இல்லை. அவள் எப்போது அவிழ்ப்பாளோ, அவிழ்க்காமலே போவாளோ, அது அவள் பாடு.

ஆனால் அட்டை உன் பாடு. அந்தப் படத்தை அச்சுக்குக் கொடுத்திருந்தால் நிறுத்து. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதற்கு மேல் பேச்சில்லை. முகம் தெரியாமல் கையை மட்டும் போடுகிறேன், ஓவியமாக வரைந்து போடுகிறேன் என்றெல்லாம் உன் கம்பெனி மூளையை என்னிடம் காட்டாதே. போட்டால், நம் தோட்டத்துக் கொட்டை ஒரு மூட்டைகூடச் சென்னைக்கு ஏறாது. தோட்டம் என் பேரில் இருக்கிறது, இதற்காவது அது பயன்படட்டும். கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். "பாக்கலாம்மா" என்றாள். வந்தால் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தாதே, மைக்கில் பெயர் சொல்லாதே. பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருவாள், உட்கார அவளுக்கு இஷ்டம் இருந்தால்.

படம் இல்லாத அட்டையை யாரும் வாங்க மாட்டார்கள், ஜனங்களுக்கு ஒரு முகம் வேண்டும் என்று நீ சொல்லுவாய். தெரியும், அதைத்தான் உன் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது. சரி, முகம் வேண்டும் என்றால் என் முகத்தைப் போடு. நல்ல புடவை கட்டி, பொட்டு வைத்து, தலைவாரி உட்காருகிறேன், வந்து எடுத்துக்கொள். கீழே என்ன எழுதுவது என்று நீ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எழுதியே தருகிறேன், ஒரு எழுத்தையும் மாற்றாமல் போடு: 'இந்தக் காயை உடைத்த பெண்களின் வாயைக் கட்டியவள் இவள்தான்.'

அம்மா